வீடியோக்களில் உறங்கும் குரல்கள்
பல பதிவுகளிலிருந்து ஒருங்கே ஒலியைப் பிரித்தெடுக்கும் முறை

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் தமிழர் வீடுகள் பலவற்றில், மாடிப்படியின் கீழோ அலுமாரியின் மேல்தட்டிலோ ஒரு பெட்டி இருக்கக் காணலாம். அதனைத் திறந்தால் வீடியோ கசெற்றுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மகளின் முதலாம் பிறந்தநாள், தம்பியின் திருமணம், சங்க மண்டபத்தில் நடைபெற்ற சமய விரிவுரை, நவராத்திரியிற் பிள்ளைகள் பாடிய தேவாரம், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிச் சென்ற தாத்தா சொன்ன கதை ஆகிய யாவும் அந்தக் கறுப்பு நாடாக்களில் அடங்கியுள்ளன.

அண்மைக் காலத்திற் பல குடும்பங்களும் சங்கங்களும் இந்நாடாக்களைக் கணனிக் கோப்புகளாக மாற்றிக்கொண்டன. இது காலமறிந்து செய்த நற்செயலாகும். காந்த நாடா நாட்பட நலிந்து போகும் பொருள். அதனை ஓட்டும் இயந்திரமும் இனிப் புதிதாகக் கிடைப்பதற்கில்லை. 1976ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமாகிய வி.எச்.எஸ். முறைக்கு நாற்பது ஆண்டுகளே ஆயுளாயிற்று. அவ்வியந்திரங்களைச் செய்து வந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்துடன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

ஆயின், கோப்புகளாக மாற்றிய பின்னர் நடப்பது யாது? பெட்டியில் உறங்கியவை இப்பொழுது கணனியின் வன்தட்டில் உறங்குகின்றன. மூன்று மணி நேரத் திருமண வீடியோவின் முன் உட்கார்ந்திருக்க இன்று எவருக்கும் ஓய்வில்லை. ஒலி மட்டும் தனியே இருக்குமாயின் நிலைமை வேறு. சமைத்துக்கொண்டு கேட்கலாம், வேலைக்குக் கார் ஓட்டிச் செல்லும்போது கேட்கலாம், உறக்கம் வராத முதியவர் கட்டிலிற் படுத்தபடியே கேட்கலாம்.

வேறொரு காரணமும் உண்டு. முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி நலிவுற்றோர் திரையிலுள்ள முகங்களை இனங்காண மாட்டார். தம் சொந்தத் தமையனின் முகமாயினும் நடுவிலே ஒரு மங்கலான நிழலாகத்தான் அவருக்குத் தோன்றும். அதே தமையனின் குரல் செவியில் விழுந்த மாத்திரத்தில், “இது எங்கட பெரியண்ணை” என்று சொல்லிவிடுவார்.

படம் பிடித்தவர் எங்கே?

ஒரு பிறந்தநாள் வீடியோவை உதாரணமாகக் கொள்ளலாம். கேக் வெட்டும் குழந்தை, அருகே தாய், சுற்றிலும் உறவினர் எல்லோரும் படத்தில் உளர். தந்தையைக் காணோம். கமராவைத் தோளிற் சுமந்து நின்றவர் அவரே. ஒரு மணி நேரப் பதிவில் அவர் முகம் ஒரு கணமேனும் வருவதில்லை. ஆனால் “இஞ்சை பார் பிள்ளை”, “அம்மம்மாவுக்கு ஒரு துண்டு குடு”, “லைற்றைப் போடுங்கோ” என்று பதிவு முழுவதிலும் கேட்பது அவருடைய குரலே. படத்தில் இல்லாதவர் ஒலியில் இருக்கிறார்.

அத்தந்தை இன்று உயிருடன் இல்லையெனில், அக்குடும்பத்துக்கு அந்த வீடியோவின் ஒலிப்பகுதி எத்துணை அரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் பதிவுகளிலும் இவ்வாறே. மேடையில் இருந்தவர்கள் படத்தில் இருப்பர். பின்வரிசையிலிருந்து சேர்ந்து பாடியவர்களும், திரைக்குப் பின்னால் நின்று பிள்ளைகளுக்கு அடியெடுத்துக் கொடுத்த ஆசிரியையும் ஒலியில் மட்டுமே இருப்பர்.

கோப்பினுள் ஒலி இருக்கும் விதம்

பழைய வி.எச்.எஸ். நாடாவில் ஒலி நாடாவின் ஓரத்திலே ஒரு மெல்லிய கோடாகப் பதியப்பட்டது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளின் பால் முறையில் அந்நாடா செக்கனுக்கு ஏறத்தாழ 2.34 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடியது. சாதாரண ஒலிநாடாக் கசெற் ஓடுவதோ செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். அதாவது வீடியோவின் ஒலிக்கு ஒலிநாடாவின் பாதி வேகமே வாய்த்தது. பழைய வீடியோக்களின் குரல் சற்று மழுங்கி, இரைச்சலுடன் கேட்பதற்கு இது முக்கிய காரணமாகும். பின்னர் வந்த ஹை-ஃபை இயந்திரங்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கின.

கணனிக் கோப்பில் அமைப்பு வேறு. எம்.பி.4 போன்ற வீடியோக் கோப்பு ஒன்று உண்மையில் ஒரு பெட்டகமே. அதனுள் படம் ஒரு தாரையாகவும் ஒலி வேறொரு தாரையாகவும் இருக்கும். இரண்டும் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, நேர ஒழுங்கில் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். மற்றோஷ்கா எனப்படும், ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பாவையின் பெயரைத் தழுவி மற்றோஸ்கா என்றே ஒரு கோப்பு வகைக்குப் பெயரிட்டுள்ளமை இதனை நன்கு விளக்கும்.

படமும் ஒலியும் ஒன்றோடொன்று கரைந்துவிடவில்லை என்பதே இங்கு கருத்திற் கொள்ளவேண்டியது. பாலையும் நீரையும் பிரிக்க அன்னப்பறவை வேண்டும் என்பர். இங்கே அரிசியும் பயறும் தனித்தனிப் பொட்டலங்களில் ஒரே பையினுள் இருப்பது போன்ற நிலைதான். ஒலிப் பொட்டலங்களை மட்டும் நகலெடுத்து வேறு பையில் இட்டால் வேலை முடிந்தது. மூல வீடியோவுக்கு யாதொரு குறையும் நேர்வதில்லை.

இரண்டு வழிகள்

ஒலியைப் பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒலித்தாரையை உள்ளது உள்ளவாறே எடுத்து வைத்தல். இரண்டாவது, அதனை அவிழ்த்து எம்.பி.3 போன்ற வேறொரு வடிவிலே மீண்டும் சுருக்கி எழுதுதல்.

முதலாவது வழியில் தரம் இம்மியும் குறைவதில்லை. கணனி எதையும் புதிதாகக் கணிக்க வேண்டியதில்லை என்பதால் விரைவும் அதிகம். ஒரு மணி நேர வீடியோவின் ஒலியைச் சில செக்கன்களில் எடுத்துவிடலாம். இரண்டாவது வழியில் சிறிது தரம் இழக்கப்படும். ஒருவர் எழுதிய குறிப்பை நிழற்பிரதி எடுப்பதற்கும், அதைப் பார்த்து இன்னொருவர் சுருக்கி எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இது. சுருக்கத்திற்கு மேல் சுருக்கம் எழுதினால் இறுதியில் பொருள் மாறிப்போகும்.

ஆதலின் மூலப்பிரதி என்று காப்பதற்கு முதலாவது வழியையும், அன்றாடம் கேட்பதற்கான பிரதிக்கு இரண்டாவது வழியையும் மேற்கொள்ளல் தக்கது. எம்.பி.4 கோப்புகளிற் பெரும்பாலும் ஏ.ஏ.சி. என்னும் வகை ஒலி இருக்கும். அதனை எடுத்தால் எம்.4.ஏ. என்னும் கோப்பாக வைக்கலாம். டி.வி.டி. இறுவட்டுகளில் ஏ.சி.3 முதலிய வேறு வகைகள் இருக்கும். வகை தெரியாத இடத்து, எவ்வகை ஒலியையும் ஏற்கும் மற்றோஸ்கா ஒலிக்கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

நூற்றுக்கணக்கானவற்றை ஒருங்கே செய்தல்

ஒரு சங்கத்திடம் 300 வீடியோக் கோப்புகள் உண்டெனக் கொள்க. ஒவ்வொன்றாகத் திறந்து, வடிவைத் தெரிந்து, பெயரிட்டுச் சேமிக்க மூன்று நிமிடம் என்றாலும் மொத்தம் 15 மணி நேரம் ஆகும். தொண்டர் ஒருவர் இரண்டு வார இறுதிகளை இதற்கே செலவிட நேரும். நடுவிலே அலுப்பும் பிழையும் புகும். இவ்வேலையைக் கணனியிடமே ஒப்படைத்துவிடலாம்.

இதற்கு உதவும் இரண்டு இலவச மென்பொருள்கள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. ஒன்று வி.எல்.சி. 1996இல் பாரிஸ் நகருக்கு அருகே பொறியியல் மாணவர் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தது இது. இதிலே ‘மாற்று’ என்னும் பகுதிக்குச் சென்று, பல கோப்புகளை ஒரே பட்டியலிற் சேர்த்து, ஒலி வடிவம் ஒன்றைத் தெரிந்து தொடங்கிவிட்டால் அது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும். எலிப்பொறியை அசைக்கத் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம்.

மற்றையது எஃப்.எஃப்.எம்பெக். ஃபப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நிரலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பொத்தான்களும் சாளரங்களும் இதற்கில்லை. கட்டளையைத் தட்டச்சிட வேண்டும். படம் வேண்டாம் என்பதற்கு ‘வி.என்.’ என்ற இரண்டெழுத்தும், ஒலியை மாற்றாமல் எடு என்பதற்குக் ‘காப்பி’ என்ற சொல்லும் அக்கட்டளையில் இடம்பெறும். “இந்தக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு வீடியோவுக்கும் இதனையே செய்க” என்று ஒரு சுழற்சிக் கட்டளையை முன்னே சேர்த்துவிட்டால், 3 கோப்பாயினும் 300 கோப்பாயினும் அதற்கு ஒன்றே. கணனி பயிலும் இளைஞர் எவரும் இவ்விரண்டு வரிகளைப் பத்து நிமிடத்தில் எழுதித் தருவர். இரவு தொடங்கிவிட்டு உறங்கச் சென்றால், காலையில் ஒலிக்கோப்புகள் யாவும் ஆயத்தமாக இருக்கும்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை சில:

1. முதலில் மூன்று கோப்புகளில் மட்டும் செய்து பார்த்து, கேட்டு, திருப்தியான பின்னரே முழுவதையும் தொடங்குக.

2. பிரித்த ஒலிக்கோப்புகளை வேறொரு கோப்புறையில் இடுக. மூலங்களுடன் கலந்தால் குழப்பமே மிஞ்சும்.

3. கமராக்கள் ஒவ்வொரு புதிய அட்டையிலும் இலக்கத்தை ஒன்றிலிருந்தே தொடங்குதல் உண்டு. 2009ஆம் ஆண்டுச் சிவராத்திரியும் 2012ஆம் ஆண்டுக் கலைவிழாவும் ஒரே பெயரைக் கொண்டிருக்கக்கூடும். ஒரே இடத்தில் இட்டால் பின்னது முன்னதை அழித்துவிடும். ஆதலின் ‘உள்ளதன்மேல் எழுதாதே’ என்ற குறிப்பையும் கட்டளையிற் சேர்த்தல் நன்று.

4. டி.வி.டி. இறுவட்டில் ஒரு நீண்ட நிகழ்ச்சி ஏறத்தாழ ஒரு கிகாபைற் அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்திருக்கும். அவற்றை வரிசையிற் சேர்த்த பின் ஒலியைப் பிரித்தால் பிரசங்கம் நடுவில் அறுபடாது.

5. முடிந்ததும் எண்ணிப் பார்க்க. 300 உள்ளே சென்றால் 300 வெளியே வரவேண்டும். மூலத்தின் நேரமும் ஒலியின் நேரமும் ஒத்திருக்க வேண்டும். குறைந்தவை பழுதுற்ற கோப்புகளாக இருக்கலாம். அவற்றைத் தனியே கவனிக்க.

6. ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடங்களில் அரை நிமிடம் கேட்டுப் பார்த்தல் போதும். சிலவற்றில் ஒரு காதுப் பக்கம் மட்டுமே ஒலி இருக்கும். கேட்கும் பிரதியில் அதனை இருபக்கமும் வருமாறு மாற்றிக்கொள்ளலாம்.

முதியோரின் செவி

கேட்கும் பிரதியை எவ்வளவு சுருக்கலாம் என்னும் வினா எழும். சுருக்காத ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 690 மெகாபைற் இடம் கொள்ளும். செக்கனுக்கு 128 கிலோபிற் அளவான எம்.பி.3 கோப்புக்கு 58 மெகாபைற் போதும். ஒற்றைத்தட ஒலியாக 64 கிலோபிற் அளவிற் சுருக்கினால் 29 மெகாபைற்றே ஆகும். அவ்வாறாயின் 300 மணி நேரப் பேச்சு 9 கிகாபைற்றுக்குள் அடங்கி, விரலளவான யூ.எஸ்.பி. குச்சி ஒன்றில் முழுவதும் கிடக்கும். எம்.பி.3 வடிவத்தின் உரிமக் கட்டுப்பாடுகளும் 2017இல் முடிவுற்றமையால் எச்சாதனத்திலும் தடையின்றிக் கேட்கலாம்.

இதற்குக் கீழே சுருக்குதல் கூடாது. அதற்குரிய காரணம் உடலியல் சார்ந்தது. வயது முதிர்கையில் உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் நலிவுறுகின்றன. உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குறையும். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் உரத்து ஒலிப்பவை. சகரம், தகரம், பகரம் போன்ற மெய்யொலிகளைத் தெளிவுறக் காட்டும் கூறுகளோ மென்மையானவை, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளவை. ஆகவேதான் முதியோர் பலர், “சத்தம் கேட்குது, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்று முறையிடுகின்றனர். அவர்களிடம் உரத்துக் கத்துவதாற் பயனில்லாமற் போவதும் இதனாலேயே.

அளவுக்கு மிஞ்சிச் சுருக்கிய ஒலியில் இழக்கப்படுவது பெரும்பாலும் அந்த உயர்ந்த பகுதியே. நாடா இரைச்சலை நீக்கும் கருவிகளும் இரைச்சலோடு மெய்யொலிகளின் ஓரங்களையும் சீவிவிடக் கூடும். இளையோர் செவிக்குத் தூய்மையாகத் தோன்றும் பதிவு, பாட்டனார் செவிக்குப் பொருள் விளங்காத முணுமுணுப்பாகலாம். ஆதலின் இரைச்சல் நீக்கத்தை மிதமாகவும், கேட்கும் பிரதியில் மட்டுமே செய்க. செய்து முடித்தபின் முதியவர் ஒருவரைக் கேட்கச் செய்து, சொற்கள் விளங்குகின்றனவா என்று வினவுதலே நம்பத்தக்க பரிசோதனை.

இயந்திரம் அறியாதது

இவ்வளவையும் கணனி ஓர் இரவிற் செய்துவிடும். ஆனால் அக்குரல் யாருடையது என்பது அதற்குத் தெரியாது. ‘கோப்பு 147’ என்று அது தரும். அது 1988ஆம் ஆண்டுத் திருவெம்பாவையா, எவருடைய அந்தியேட்டியா, பாடியவர் எந்த ஊரவர், இடையிற் சிரித்தவர் யார் என்பதெல்லாம் அக்காலத்தில் அம்மண்டபத்தில் இருந்தவருக்கே தெரியும். அத்தகையோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். ஆண்டுக்காண்டு அவர்தம் தொகை குறைகிறது. நாடா நலிவதைக் காட்டிலும் விரைவாக நினைவு நலிகிறது.

ஆகவே, கணனி மிச்சப்படுத்தித் தந்த அந்த 15 மணி நேரத்தை இதற்கெனச் செலவிடல் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். இரண்டு மூன்று முதியவர்களும் ஓர் இளைஞரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தேநீர் அருந்திக்கொண்டே ஒவ்வொரு பதிவிலும் சில நிமிடம் கேட்கலாம். முதியவர் சொல்ல, இளையவர் எழுதலாம். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துச் சொல்வார். ‘இல்லை, அவர் கொக்குவில் மாஸ்ரர்’ என்று ஒரு சிறு வாதமும் எழும். அவ்வாதத்தையும் குறித்து வைத்தல் நன்று.

கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பின் மாதம், பின் நாள், அதன்பின் நிகழ்ச்சி, பேசியவர் என்ற ஒழுங்கைக் கைக்கொண்டால் யாவும் தாமாகவே கால வரிசையில் நிற்கும். இலக்கமிடுவதாயின் 1, 2 என்னாது 001, 002 என்க. இல்லையேல் 10ஆவது 2ஆவதற்கு முன் வந்து நிற்கும் சாதனங்களும் உண்டு.

செய்யத் தகாதவை

ஒலி கைக்கு வந்துவிட்டது என்று வீடியோவை அழித்தல் தகாது. பரதநாட்டிய அரங்கேற்றத்தின் ஒலியை மட்டும் கேட்டால் சலங்கையும் நட்டுவாங்கமும் கேட்குமேயன்றி அபிநயம் தெரியாது. இடம் போதவில்லை என்பாருக்கு இன்று வன்தட்டுகள் மலிந்துள்ளன.

பணம் கொடுத்து வாங்கிய இசை, சொற்பொழிவு இறுவட்டுகளின் உரிமை அவற்றை வெளியிட்டோருடையது. அவற்றைப் பிரித்துப் பலருக்கும் பகிர்தல் முறையன்று. சங்க மேடையிற் பேசியவரின் உரையாயினும், பேசியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ ஒரு சொல் கேட்டுப் பகிர்வதே பண்பு. வீட்டு வீடியோக்களின் பின்னணியிற் குடும்பப் பேச்சுகளும் கேட்கும். கமரா இருப்பதை மறந்து பேசியவை அவை. அவற்றை வெளியார் செவிக்குக் கொடுக்கலாகாது.

ஒரே இடத்தில் மட்டும் வைத்தலும் ஆபத்தானது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சுவடிகளும் மீட்க வழியின்றி அழிந்தன. அவற்றுக்குப் பிரதி எடுப்பது அன்று பெரும் பணியாக இருந்தது. இன்று சில நிமிட வேலை. மூன்று பிரதிகள் இருத்தல் நன்று. அவற்றுள் ஒன்றேனும் வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ இருக்கட்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பர். கோப்புகள் கையில் உள்ளன. கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. குரல்களை இனங்காட்ட வல்ல முதியோர் சிலரேனும் இன்றும் நடுவே உளர். பெட்டியை இறக்குவதற்கு இந்த வார இறுதியே நல்ல நாள். முதலிற் கேட்க வேண்டியது எதுவென்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் வினவித் தொடங்குக.